குப்பையைப் பிரிக்கச் சொல்வதற்கு முன்னால் வண்டியின் பின்னால் போங்கள்

ஒரு தெருவைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். பேனர் அடிப்பார்கள் (பேனரே பிளாஸ்டிக்தான், அது தனிக் கதை), கவுன்சிலரைக் கூப்பிடுவார்கள், ஆளுக்கொரு துடைப்பத்தோடு படம் எடுப்பார்கள், அப்புறம் பேப்பர் கப்பில் டீ. பத்து நாளில் தெருமுனை பழையபடி ஆகிவிடும். உடனே, இந்த ஜனங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

ஜனங்களுக்கு நன்றாகவே புரிகிறது. பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாம் ஒன்றாகத்தான் கொட்டப்போகிறார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டவர்கள் அவர்கள். அதனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். ஒரு வீட்டுக் கதவையாவது தட்டுவதற்கு முன்னால், பிரித்த குப்பை எங்கே போகும் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வீடுகளை விட்டுவிட்டு வண்டியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

வண்டி

காலையில் குப்பை வண்டி வரும்போது கூடவே நாலு தெரு நடந்து பாருங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எந்த வீடுகளில் நிற்கிறது, எந்த வீடுகளைத் தாண்டிப் போகிறது, பச்சைத் தொட்டியில் என்ன விழுகிறது, நீலத் தொட்டியில் என்ன விழுகிறது, கடைசியில் எங்கே இறக்குகிறார்கள் என்று கவனியுங்கள். தூய்மைப் பணியாளரிடம் பேசுங்கள். அதிகாரி மாதிரி விசாரிக்காமல், அக்கா, அண்ணா என்று, வேலைக்கு நடுவில் அவருக்குத் தோதான நேரம் பார்த்து. "பிரிச்சுக் குடுத்தா உங்களுக்கு வேலை குறையுமா, கூடுமா?" என்று கேளுங்கள். பல இடங்களில் கிடைக்கும் பதில், பிரித்துக் கொடுக்கிற வீடு நாலே நாலு இருந்தால் அதைத் தனியாக வைக்க வண்டியில் இடமில்லை, அதனால் மொத்தமாகப் போட்டுவிடுகிறோம் என்பதுதான். நியாயமான பதில். வண்டியின் இரண்டு பக்கமும் நாலு சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டாலே இதில் பாதிப் பிரச்சினை தீரும். சாக்கை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், பெரிய செலவில்லை.

அடுத்து பணியாளர்களை மேற்பார்க்கிற மேஸ்திரி, அவருக்கு மேலே துப்புரவு ஆய்வாளர். அவர்களுக்கு மனு எழுதும்போது திடக்கழிவு மேலாண்மை விதிகளைக் குறிப்பிடுங்கள். குப்பையைப் பிரித்துக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை என்று அதில் இருப்பதைப் போலவே, பிரித்த குப்பையைத் தனித்தனியாக எடுத்துச் செல்வது உள்ளாட்சியின் கடமை என்றும் இருக்கிறது. முதல் பாதியை எல்லோரும் மேடையில் சொல்கிறார்கள், இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. சென்னையாக இருந்தால் 1913 என்ற மாநகராட்சித் தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஊர்களில் நகராட்சி அலுவலகத்தில் நேரில் போய்க் கொடுத்து ரசீது வாங்குவதுதான் வேலைக்கு ஆகும்.

பக்கத்தில் உரக்கூடம் இருந்தால் தெருக்காரர்கள் ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். குப்பைக் கிடங்கையும்தான். பெருங்குடியையோ கொடுங்கையூரையோ கோவை வெள்ளலூரையோ ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு அதற்கப்புறம் துண்டுப் பிரசுரம் தேவைப்படாது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குள்ளேயே வளர்ந்தது, 2022-ல் அது தீப்பற்றி எரிந்த புகை சுற்றியிருந்த வீடுகளுக்குள் நுழைந்தது, அதே ஆண்டுதான் சதுப்புநிலத்துக்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. நாம் கட்டிக் கொடுக்கிற கேரிபேக் போய்ச் சேர்வது அப்படிப்பட்ட ஓர் இடத்தில்.

இது ஒன்றும் புதுசு இல்லை. 1989-ல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருக்காரர்கள் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆளை வைத்து, வீடு வீடாகக் குப்பை எடுக்க வைத்தது. அந்த ஆளுக்கு அவர்கள் வைத்த பெயர் தெரு அழகாளர். அவர்களும் வண்டியை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வீடுகளிடம் பேசினார்கள்.

காயலான் கடை

வண்டிக்கு அப்புறம் பார்க்க வேண்டிய ஆள் உங்கள் பகுதிப் பழைய பேப்பர்க்காரர், அல்லது காயலான் கடைக்காரர். மறுசுழற்சி பற்றி ஒரு நாள் கருத்தரங்கில் தெரிந்துகொள்வதைவிட அவரிடம் அரைமணி நேரம் நின்றால் அதிகம் தெரிந்துகொள்ளலாம். அட்டை, பேப்பர், இரும்பு, அலுமினியம், தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, உடைந்த வாளி எல்லாம் எடுப்பார். கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டை எடுப்பார், நாற்றமடிக்கிற பால் பாக்கெட்டை எடுக்க மாட்டார். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே மாதிரி உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளக்கிற எதையும் தொட மாட்டார், ஏனென்றால் பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் ஒட்டி வருவதைப் பிரித்தெடுக்கக் கட்டுப்படியாகாது. அதை நகராட்சிதான் எடுக்க வேண்டும். எடுத்தால் அதில் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போகிறது. மறுசுழற்சி என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் வாய்க்காலில் மிதப்பதைவிட மேல்.

இங்கே ஒரு விஷயத்தை யோசித்து முடிவெடுங்கள். தூய்மைப் பணியாளர்களில் பலருக்கு அட்டையும் பாட்டிலும் விற்றுக் கிடைக்கிற காசு சம்பளத்துக்கு மேல் ஒரு சிறு வருமானம். நீங்கள் மறுசுழற்சி மறுசுழற்சி என்று நல்ல சரக்கையெல்லாம் குடியிருப்புச் சங்கத்துக்காக விற்றுக்கொண்டு, நாப்கினையும் சிப்ஸ் கவரையும் மட்டும் அவரிடம் நீட்டினால், அவர் ஏன் உங்களோடு ஒத்துழைக்க வேண்டும்? செய்தித்தாளை நீங்கள் எடைக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பாட்டிலும் அட்டையும் அவருக்குப் போகட்டும். இதைச் சங்கக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லி முடிவு செய்துவிட்டால் பின்னால் சண்டை வராது.

வீடுகளிடம் என்ன கேட்பது

கொஞ்சமாகக் கேளுங்கள். ஏழு நிறத் தொட்டிப் படம் போட்ட காகிதத்தை யாரும் படிப்பதில்லை. மக்கும் குப்பை ஒரு வாளி, மக்காத குப்பை ஒரு பை, நாப்கின், டயப்பர், பேண்டேஜ் எல்லாம் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். அந்தச் சிவப்புப் புள்ளி எதற்கு என்று கேட்பவர்களுக்கு, நீங்கள் பொட்டலமாகப் போடுவதை இன்னொருவர் வெறுங்கையால் பிரித்துப் பார்க்காமல் இருப்பதற்கு என்று சொல்லுங்கள், ஆண்களிடமும் சேர்த்தே சொல்லுங்கள். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி தனி டப்பாவில். பழைய பேட்டரியும் பல்பும் மாதம் ஒருமுறை.

மக்கும் குப்பை வாளிக்குள் பிளாஸ்டிக் கவர் விரிக்கக் கூடாது என்பதுதான் கடினமான இடம். நாறும், புழு வரும் என்பார்கள். அடியில் ஒரு செய்தித்தாள் விரித்து, குழம்பு, மோர் மாதிரி நீராக இருப்பதை வடித்துவிட்டுப் போட்டால் நாறாது. வாளியை இரவில் கழுவிக் கவிழ்த்தால் போதும். பால் பாக்கெட்டை வெட்டும்போது அந்த முனையைத் துண்டாக வெட்டி எறியாமல், கவரோடு ஒட்டியிருக்கும்படி ஒரு கீறல் மட்டும் போடச் சொல்லுங்கள். விரல்நுனி அளவுள்ள அந்தத் துண்டை எந்த இயந்திரமும் எந்தக் கையும் பொறுக்காது, நேரே மண்ணுக்கும் சாக்கடைக்கும் போகும். சொல்வதற்குச் சின்ன விஷயம், ஆனால் தினமும் காலையில் கத்தரி எடுக்கும்போது ஞாபகம் வரும், அதுதான் இதன் பலம்.

யாரிடம் சொல்வது என்பதிலும் கொஞ்சம் சூட்சுமம் இருக்கிறது. சங்கச் செயலாளரிடம் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நிறைய வீடுகளில் குப்பையைக் கொண்டுபோய்க் கொடுப்பது வீட்டு வேலை செய்கிற அக்கா. அவரிடம் யாருமே பேசுவதில்லை. நாலைந்து வீட்டில் வேலை செய்பவர் ஒருவர் புரிந்துகொண்டால் நாலைந்து வீடு ஒரே நாளில் மாறும், வீட்டு முதலாளியம்மாவுக்கு அவரே பாடம் எடுப்பார். அடுத்தது வாடகைக்குத் தங்கியிருக்கும் பையன்கள் அறை. அவர்கள் வண்டி வரும் நேரத்தில் தூங்குவார்கள் அல்லது வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கு அறிவுரையைவிட, வாசலில் மூடி போட்ட ஒரு வாளியும், அதை எடுத்து வைக்கக் கீழ்வீட்டு அண்ணாவோடு ஓர் ஏற்பாடும்தான் தேவை.

பேசும்போது உலகம் வெப்பமாவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கொசுவிலிருந்து ஆரம்பியுங்கள். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், தூக்கி எறிந்த டீ கப்பிலும் இளநீர் மட்டையிலும் பழைய டயரிலும் தேங்குகிற மழைநீர் அதற்குப் போதும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். குழந்தை இருக்கிற வீட்டில் இதைச் சொன்னால் காது கொடுப்பார்கள். அதேபோல மழைநீர் வடிகால். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது, அதனால் நம் ஊரில் இந்த வேலையைத் தொடங்கத் தோதான மாதம் செப்டம்பர். போன மழையில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்ததோ அந்த வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போய், வடிகால் மூடியைத் திறந்து என்ன அடைத்திருக்கிறது என்று காட்டுங்கள்.

ஐம்பது வீட்டையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். விருப்பமுள்ள பத்துப் பன்னிரண்டு வீடுகள், அதுவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை, இருந்தால் தொடங்கலாம். மற்றவர்கள் பார்ப்பார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று வேண்டும்தான், ஆனால் அதில் யார் வீட்டுக் குப்பை என்று படம் எடுத்துப் போடுகிற பழக்கத்தை முதல் நாளே தடை செய்யுங்கள். அவமானப்பட்டவர் திருந்த மாட்டார், ராத்திரி பதினொரு மணிக்குக் கொண்டுபோய்ப் போடுவார். பால் பூத் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து, இன்று இத்தனை வீடு பிரித்துக் கொடுத்தது என்று எண்ணை மட்டும் எழுதுங்கள், பெயர் வேண்டாம். அந்த எண்ணைத் தூய்மைப் பணியாளரே எழுதினால் இன்னும் நல்லது.

தெருமுனை

எல்லாத் தெருவிலும் ஒரு மூலை இருக்கும். மின்கம்பத்தடியோ, காலி மனைச் சுவரோ, டிரான்ஸ்பார்மர் பக்கமோ. அள்ள அள்ள மறுநாள் நிரம்பும். அதைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் சும்மா பாருங்கள். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, ஒரு வாரம், ஆள் மாற்றி ஆள் நின்று பாருங்கள். யார், எந்த நேரம், என்ன பையில், எங்கிருந்து வருகிறார் என்பது மட்டும். தடுக்க வேண்டாம், கேட்க வேண்டாம். பெரும்பாலும் தெரிய வருவது இது: வண்டி எட்டரைக்கு வருகிறது, அவர் ஏழுக்கு வேலைக்குப் போகிறார். அல்லது பின்சந்துக்கு வண்டி போவதே இல்லை, சந்து குறுகல். அல்லது ராத்திரி தள்ளுவண்டிக் கடைக்காரர் கடையை மூடும்போது போட வேறு இடமில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, எந்த மருந்தும் "இங்கு குப்பை கொட்டாதீர்" பலகை இல்லை. சந்துக்காக வண்டி முனையில் ஐந்து நிமிஷம் நின்று விசில் அடிக்க வேண்டும், முன்னால் கிளம்புகிறவர்கள் வாளியை இஸ்திரி கடையிலோ செக்யூரிட்டியிடமோ வைத்துவிட்டுப் போக ஏற்பாடு வேண்டும், தள்ளுவண்டிக்காரருக்கு இரவு வண்டி வேண்டும், இல்லையென்றால் காலை வரை மூடி வைக்க ஒரு டிரம் வேண்டும்.

காரணம் தீர்ந்த பிறகுதான் சுத்தம் செய்வது. செய்தால் ஒரே நாளில், முழுசாக: அள்ளி, கூட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, அன்று சாயங்காலமே விளக்கு எரிய வேண்டும். அரைகுறையாக விட்டால் பயனில்லை, ஏனென்றால் அசிங்கமாக இருக்கிற இடத்தில்தான் மனிதன் அசிங்கம் செய்கிறான். இது நம் ஊர்ப் புத்தி மட்டும் இல்லை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்து 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், நிறுத்தியிருந்த சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டுச் சீட்டைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். பக்கத்துச் சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் சீட்டைக் கீழே போட்டார்கள், சுவரில் கிறுக்கியிருந்தபோது 69 சதவீதம். பெங்களூரில் தி அக்லி இந்தியன் என்ற பெயரில் முகம் காட்டாமல் வேலை செய்கிறவர்களும் இதைத்தான் மூலை மூலையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள், பேச்சைக் குறைத்து வேலையைப் பாருங்கள் என்பது அவர்கள் கொள்கை.

சுத்தமான இடத்தில் தினமும் காலையில் ஒரு கோலம் போடுங்கள். கோலத்தின் மேல் குப்பைப் பையை வைக்க நம் ஆட்களுக்குக் கை வராது, தவிர யாரோ தினமும் இங்கே வருகிறார்கள் என்பதும் தெரியும். சுவரில் சாமி படம் வரைவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொஞ்ச நாள் வேலை செய்யும், அப்புறம் யாராவது அதன் அடியிலேயே எதையாவது வைப்பார்கள், பிரச்சினை குப்பையிலிருந்து வேறெங்கோ போய்விடும். முதல் இரண்டு மூன்று வாரம் காலை மாலை ஓர் ஆள் அங்கே நிற்க வேண்டும். ஓய்வு பெற்றவர்கள் நாலு பேர் பேப்பர் படிக்க ஒரு பெஞ்ச் போட்டுவிட்டால் இந்தக் காவல் தானாக நடக்கும்.

கடைகள், விசேஷங்கள்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. கேரிபேக், உறிஞ்சுகுழல், தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட் தெரியும். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும், துணி மாதிரியே தோன்றுகிற நெய்யாத பையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. ஜவுளிக்கடைக்காரரே நான் துணிப்பைதான் தருகிறேன் என்பார். தீக்குச்சி காட்டினால் துணி எரிந்து சாம்பலாகும், இது உருகி ஒழுகும்.

டீக்கடைக்காரரிடம் சட்டம் பேசாதீர்கள். கண்ணாடி டம்ளர் கழுவ ஆளும் தண்ணீரும் வேண்டும், அவர் கணக்கு அது. தெருக்காரர்கள் "அண்ணே, எனக்கு கிளாஸ்ல குடுங்க" என்று தினமும் கேட்க ஆரம்பித்தாலே அவர் கப் வாங்குகிற செலவு குறையும். வெளியே ஒரு தொட்டியை அவரே வைத்து, அவரே காலி செய்யட்டும். தொட்டி வாடிக்கையாளர் நின்று குடிக்கிற இடத்திலிருந்து நாலைந்து எட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் தள்ளி வைத்தால் அலங்காரப் பொருள்தான். மளிகைக் கடையில் மஞ்சப்பையை ஒரு கொக்கியில் தொங்கவிட்டு, மறந்து வந்தவர்கள் எடுத்துப் போய் அடுத்த முறை திருப்பி மாட்டும்படி செய்யலாம். மகளிர் சுயஉதவிக் குழுவில் தைக்கக் கொடுங்கள், பழைய வேட்டி, புடவை போதும்.

திருப்பித் தந்தால் காசு என்பது எந்தப் பிரசங்கத்தையும்விட வேகமாக வேலை செய்யும். நீலகிரியில் காட்டுக்குள் வீசிய மதுப் பாட்டில் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாயைத் தருகிற திட்டம் வந்தது. பாட்டில்கள் திரும்பி வந்தன, அப்புறம் மற்ற மாவட்டங்களுக்கும் போனது. உங்கள் தெருக் கோயில் அன்னதானத்தில் எவர்சில்வர் டம்ளருக்குப் பத்து ரூபாய் முன்பணம் வாங்கி இதையே சிறிய அளவில் செய்து பார்க்கலாம். கல்யாண வீடு என்றால் வாழை இலை ஏற்கெனவே இருக்கிறது, பிரச்சினை இலைக்குப் பக்கத்தில் வைக்கிற தண்ணீர் பாட்டில். சமையல்காரரிடம் முன்பதிவு செய்யும்போதே கேனும் டம்ளரும் என்று சொல்லிவிட வேண்டும், முந்தின நாள் சொன்னால் முடியாது.

போகிக்கு ஒரு வாரம் முன்னாலேயே பழைய டயர், பாய், தலையணை எல்லாவற்றையும் ஒரு வண்டி வைத்துச் சேகரித்துவிடுங்கள். 2018 போகியில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாத அளவுக்குப் புகை இருந்தது. எரிக்காதே என்று அன்று விடியற்காலையில் போய்ச் சொல்வதில் அர்த்தமில்லை, எரிக்க எதுவும் மிச்சமில்லாமல் செய்வதுதான் வழி. பிவிசி குழாய், ரெக்சின் மாதிரிப் பொருள்கள் எரிந்தால் டையாக்சின் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், ஆனால் வண்டிதான் முக்கியம்.

உரம்

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. வீட்டுக் குப்பையில் எடைக்குப் பாதிக்குமேல் மக்குவதுதான், அதை வளாகத்துக்குள்ளேயே உரமாக்கிவிட்டால் மிச்சம் சுலபம். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் முடிந்தவரை அங்கேயே உரமாக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே இருந்தது. லட்சக்கணக்கில் மின்சார இயந்திரம் விற்க வருபவரிடம் உடனே காசோலை நீட்டாதீர்கள். கம்பி வலைத் தொட்டி மூன்று, காய்ந்த இலைச் சருகு, கொஞ்சம் புளித்த மோர் போதும். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ஒரு பங்காவது சருகோ தென்னை நார்க்கழிவோ போட வேண்டும், நாற்றம் வந்தால் சருகு போதவில்லை என்று அர்த்தம், எதுவுமே நடக்காமல் காய்ந்து கிடந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு வரும். சருகை எரிக்காமல் மூட்டையில் சேர்த்து வைக்கத் தோட்டக்காரரிடம் இன்றே சொல்லிவிடுங்கள், மாசி பங்குனியில் கொட்டுவது மழைக்காலத்துக்குத் தேவைப்படும்.

நீங்கள் ஊரில் இல்லாதபோது

இப்படித் தொடங்குகிற தெருக்களில் பல ஒரே ஆளை நம்பி ஓடுகின்றன. அவர் மகள் பிரசவத்துக்கு வெளியூர் போனால் முடிந்தது. அதனால் ஆரம்பத்திலேயே வேலையைப் பிரித்துவிடுங்கள்: வண்டியோடு பேசுவது ஒருவர், கரும்பலகை இன்னொருவர், கடைகள் வேறொருவர். பக்கத்துப் பள்ளியில் தேசியப் பசுமைப் படை என்ற சுற்றுச்சூழல் மாணவர் மன்றம் இருந்தால் ஆசிரியரிடம் பேசி, மாதம் ஒருமுறை பிள்ளைகள் தெருவில் கிடப்பதைப் பொறுக்கி (கையுறையோடு, ஊசி, கண்ணாடியைத் தொடாமல்) வகைவகையாக எண்ணிக் கணக்கு எழுதட்டும். அந்தக் கணக்கு மனுவோடு இணைத்தால் அலுவலகத்தில் கொஞ்சம் மரியாதை கிடைக்கும். மேஸ்திரி எண், துப்புரவு ஆய்வாளர் எண், காயலான் கடை, புகார் எண்கள், யார் வீட்டு வாளி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, உங்கள் வீட்டில் வைக்காமல், தெருவில் எல்லோரும் போகிற மளிகைக் கடையில் வையுங்கள். வண்டிக்கு வருகிற ஆள் மாறும்போதெல்லாம், அது அடிக்கடி நடக்கும், முதல் நாளே போய் அறிமுகம் செய்துகொண்டு சாக்குகளைக் காட்டிவிட்டு வாருங்கள்.